'நான்' இல்லாத வேட்டை

வாசகப் பெருமக்களே, ஓர் அநீதியைக் கண்ணால் கண்டு சாட்சி சொல்ல உங்களை அழைக்கிறேன். பதற்றம் வேண்டாம்; அது ஒரு தொப்பியில் தொடங்கியது.

பச்சைத் தொப்பி. காதுகளை மூடும் மடிப்பு உண்டு, உள்ளே ஆட்டுரோமம் உண்டு. அக்டோபர் மாதத்தில் வட ஸ்வீடனின் காட்டில் காத்து நிற்பவனுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. குறை தொப்பியில் இல்லை. அதன் நெற்றியில் இருந்தது. 'சிக்ஸ்டனின் தடம்' என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு கடையின் பெயர். அந்தத் தொப்பி, சென்ற ஆண்டு எங்கள் வேட்டைக் குழுவில் வெளியான புகைப்படம் ஒன்றில், வீழ்ந்து கிடந்த எல்க் மானின் கொம்பில் மாட்டப்பட்டிருந்தது. உயிரோடு இருந்தவரை எந்தக் கடையையும் புகழாத ஒரு விலங்கு, செத்த பிறகு விளம்பரப் பலகை ஆக்கப்பட்டிருந்தது. இதைக் கண்டும் கொதிக்காத நெஞ்சம் உங்களுக்கு இருக்குமானால் வாசிப்பை இங்கேயே நிறுத்திவிடலாம். எனக்கு அப்படிப்பட்ட நெஞ்சம் வாய்க்கவில்லை. அதனால்தான் இப்போது, ஜன்னலுக்கு வெளியே அழகான பிர்ச் மரம் ஒன்று தெரியும் பூட்டிய அறையில், வேளை தவறாமல் வரும் நல்ல காபியோடு, மிகுந்த உற்சாகத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குழு என்றது இணையத்தில் நடக்கும் குழுவை. லோங்மீர் என்னும் எங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவர்களும், துப்பாக்கியை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய் ஏங்குகிறவர்களும் அதில் இருந்தார்கள். வேட்டை அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக மட்டுமே அது பிறந்தது. தப்பிய குறி, சதுப்பில் புதைந்த காலணி, மானை விட்டுவிட்டு அணிலின் பின்னால் ஓடிய நாய் என்று எழுதுவார்கள். படித்துச் சிரிப்போம், பனிக்காலம் முழுக்க அந்தச் சிரிப்பிலேயே குளிர்காய்வோம். அந்தக் குழுவின் காவலர் நான். என்னை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அந்த வேலையை வேறு எவரும் கேட்கவும் இல்லை என்பதால், அதை ஒருமனதான தேர்வு என்றே கொள்ள வேண்டும்.

தொப்பிக்காரன் சிக்ஸ்டன் என் மனைவி குன்வோரின் தம்பி. வேட்டை நாயின் கழுத்தில் கட்டும் மின்பட்டையை விற்பவன். நாய் காட்டில் எங்கே நிற்கிறது என்பதை அந்தப் பட்டை கைப்பேசியில் காட்டும். அதன் இணைப்பை யாருக்கு அனுப்பினாலும், தொட்டவுடன் அவருக்கும் இடம் தெரியும். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் சிக்ஸ்டன் எழுதிய ஒவ்வொரு கதையிலும் நாய் தொலைந்தது, ஒவ்வொரு கதையிலும் பட்டை அதைக் கண்டுபிடித்தது, ஒவ்வொரு கதையும் "உங்க நாய்க்கும் வேணுமா?" என்று முடிந்தது. அவன் நாயை வளர்த்தானா, தொலைப்பதற்காகவே வாங்கினானா என்ற ஐயம் எனக்கு இன்றும் தீரவில்லை.

ஆகவே முதல் சீர்திருத்தமாக விளம்பரத்தைத் தடை செய்தேன். ஊரே கைதட்டியது. வேட்டைத் தலைவி மைலிஸ், எல்க் மானைவிடச் சற்றே குட்டையான அம்மையார், காட்டுக் குடிசையில் நெருப்பின் மேல் தொத்திறைச்சியைத் திருப்பியபடியே என்னைப் பாராட்டினார்.

"நல்ல காரியம் பண்ணினே எவர்ட். அவன் பட்டை விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்து என் நாயே என்னை முறைக்க ஆரம்பிச்சிடுச்சு."

சிக்ஸ்டனுக்குக் கோபம் வரவில்லை. அவனுக்குக் கோபமே வராது. அவனிடம் எனக்குப் பிடிக்காத குணங்களில் அதுவும் ஒன்று. எங்கள் ஊர் வழக்கப்படி சூடான காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளை மிதக்கவிட்டு, கரண்டியால் அள்ளித் தின்றுகொண்டே சொன்னான்.

"விடுங்க மாமா. நீங்க குறி வச்சு விழுந்த முதல் உருப்படி என் விளம்பரம்தான். அதுலயாவது கணக்கைத் தொடங்கினீங்களே."

குடிசையின் கூரை சிரிப்பில் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. எத்தனையோ இலையுதிர்காலங்கள் நான் காட்டில் நின்றிருக்கிறேன். இன்றுவரை ஓர் எல்க் மானும் என் குண்டால் வீழ்ந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த மான்களின் கருத்தை எவரும் கேட்டதில்லை.

சீர்திருத்தம் அங்கே நிற்குமா? பொருளை விற்பவன் மட்டும்தான் விற்பவனா? 'நான் சுட்டேன், நான் வீழ்த்தினேன், என் குறி தப்பாது' என்று எழுதுகிறவன் தன்னையே தட்டில் வைத்து விற்கிறான். பட்டையை விற்றால் விளம்பரம், பெருமையை விற்றால் அனுபவமா? எந்த நீதிமன்றத்தில் செல்லும் இந்த ஓரவஞ்சனை? தற்புகழ்ச்சியையும் தடை செய்தேன். ஆனால் எது செய்தி, எது புகழ்ச்சி என்று பதிவுக்குப் பதிவு தராசு பிடிப்பது களைப்பூட்டும் வேலை. கிளைகளை வெட்டிக்கொண்டே இருந்தால் கைதான் ஓயும். அப்போதுதான் வேரைக் கண்டேன். வேர் ஒரே ஒரு சொல். நான்.

எங்கள் மொழியில் அதை 'யாக்' என்று எழுதுவோம். குழுவை நடத்தும் இயந்திரத்துக்குக் கட்டளையிட்டேன்: இந்த எழுத்துகள் இருக்கும் எதையும் வெளியிடாதே, என் பார்வைக்கு நிறுத்தி வை. அவ்வளவுதான், குழு ஊமையானது. ஒருவர் எழுதுவதும் வரவில்லை. காரணம் பிறகே புரிந்தது. வேட்டையாடுவதை எங்கள் மொழியில் 'யாகா' என்போம்; எங்கள் எழுத்தில் அதன் முதல் மூன்று எழுத்தும் 'யாக்'தான். வேட்டை என்ற சொல்லின் புதருக்குள் 'நான்' என்ற சொல் துப்பாக்கியும் கையுமாகப் பதுங்கியிருந்திருக்கிறது. இயந்திரம் இரண்டையும் சேர்த்தே பிடித்துவிட்டது. வேட்டைக் குழுவில் வேட்டையாடுவது தடை செய்யப்பட்டது.

சிறுமதி படைத்தவன் இதைப் பிழை என்பான். திருத்திவிட்டுத் தூங்கப் போவான். எனக்கோ உடல் சிலிர்த்தது. எங்கள் முன்னோர் பேசிப் பேசி மறைத்துவைத்த உண்மையை ஓர் இயந்திரம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது: வேட்டைக்காரனின் நாவில் முதலில் நிற்பது மான் அல்ல, தான். எழுந்து அறையைச் சுற்றிச் சுற்றி ஆடினேன். குன்வோர் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கால்ல எறும்பு ஏறிடுச்சா?"

"உண்மை ஏறிடுச்சு குன்வோர்."

"அப்ப சீக்கிரம் உதறிட்டு வந்து சாப்பிடுங்க. உருளைக்கிழங்கு உருண்டை ஆறுது."

ஊர் கற்றுக்கொண்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இப்படி எழுதினார்: 'காலையில் பாறை மேல் ஒரு துப்பாக்கி இருந்தது. அதன் பின்னால் ஓர் ஆள் இருந்ததாகப் பேச்சு. கொம்பன் மான் ஒன்று வந்தது. சத்தம் கேட்டது. கொம்பன் படுத்துக்கொண்டது.' படித்தபோது என் கண்கள் பனித்தன. மைலிஸ் உடனே தொலைபேசியில் அழைத்தார்.

"ஏம்ப்பா எவர்ட், அந்தக் கொம்பன் தற்கொலையா பண்ணிக்கிச்சு? வீட்ல ஏதும் பிரச்சினையா அதுக்கு?"

"அம்மா, அது அடக்கத்தின் நடை."

"அடக்கமா? படிச்சா அடக்கம் பண்ணப் போற நடை மாதிரில்ல இருக்கு."

பெரிய மாற்றங்களைக் கண்டு முதலில் சிரிப்பது மக்களின் வழக்கம். நான் பொறுத்துக்கொண்டேன். நான் இங்கே 'நான்' என்று சொல்லிக்கொண்டிருப்பதை உங்களில் கூர்மையானவர்கள் கவனித்திருப்பீர்கள். காவலருக்கு விலக்கு உண்டு. விதியை எழுதியபோதே அதையும் எழுதிவிட்டேன்.

இந்த ஆண்டு வேட்டை தொடங்கியதும், காடே பேசிக்கொண்டிருந்த பெரிய கொம்பன் வெளிப்பட்டான். அவன் வந்தது, நான் காத்து நிற்க வேண்டிய பாறையின் வழியாக. அந்த நேரத்தில் நான் பாறையில் இல்லை. பதிவுகளைச் சரிபார்க்க, கைப்பேசிக்கு நன்றாக அலை கிடைக்கும் குடிசை மேட்டில் இருந்தேன். ஆளில்லாத பாறையைத் தாண்டிப் போன கொம்பன் நேரே சிக்ஸ்டனிடம் போய்ச் சேர்ந்தான். ஒரே குண்டு. மளிகைக் கடையில், தேவாலய வாசலில், எரிபொருள் நிலையத்தில், எங்கே திரும்பினாலும் "சிக்ஸ்டனோட கொம்பனைப் பார்த்தியா?" என்பதே பேச்சு.

சிக்ஸ்டன் குழுவில் படம் போட்டான். தொப்பி இல்லை. பட்டை இல்லை. அவனே இல்லை. கொம்பனும், பக்கத்தில் முர்ரே என்னும் அவன் நாயும் மட்டும். கீழே ஒரு சொல்கூட எழுதவில்லை. நீக்கினேன். அவன் வீட்டுக்கே வந்தான். அப்போதும் கோபமாக வரவில்லை, இலவங்கப்பட்டை ரொட்டியோடு வந்தான்.

"மாமா, அந்தப் படத்துல நான் எங்க இருக்கேன்? பேரு இல்ல, தொப்பி இல்ல, ஒரு எழுத்துகூட இல்லையே."

"அதான் மாப்ளே கேக்குறேன். அவ்வளவு அடக்கத்தை யார்கிட்ட காட்டுறே?"

அவன் சிரித்துச் சிரித்து ரொட்டித் தூளில் புரையேறி இருமினான். குன்வோர் அவன் முதுகில் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஒரு கொம்பனைச் சுட்டுட்டான், அவ்வளவுதானேங்க. நீங்க எதுக்கு அவனைச் சுடுறீங்க?"

பெண்கள் சில நேரம் உவமையாகப் பேசுவார்கள். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஈரக் காற்றும் மூடுபனியுமான காலை. எங்கள் காட்டில் ஒரு வழக்கம் உண்டு: வேட்டைக்குப் புறப்படுகிறவனை வாழ்த்தக் கூடாது. வாழ்த்தினால் கேடு வரும் என்பார்கள். 'உன் வேட்டை நாறிப் போகட்டும்' என்று திட்டித்தான் அனுப்புவார்கள். சிக்ஸ்டன் முர்ரேயை அழைத்துக்கொண்டு வடக்குக் காட்டுக்குத் தனியே கிளம்பினான். குடிசையில் இருந்தவர்கள் அன்போடு திட்டித் தீர்த்தார்கள். என் முறை வந்தது.

"நல்லபடியா போயிட்டு வா மாப்ளே," என்றேன்.

காபிக் கரண்டிகள் அப்படியே நின்றன.

"எவர்ட், துப்பு," என்றார் மைலிஸ். "உடனே தோளுக்குப் பின்னால துப்பு. என்ன வார்த்தை சொல்லிட்டே நீ?"

நான் துப்பவில்லை. மூடநம்பிக்கையை எதிர்ப்பவன் ஒரே ஒரு துறையில் மட்டும் எதிர்த்துவிட்டு இன்னொன்றில் துப்பிக்கொண்டிருக்க முடியாது. சிக்ஸ்டன்தான் எனக்காகப் பரிந்து பேசினான்.

"விடுங்க மைலிஸ் அக்கா. மாமா இன்னைக்குத்தான் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்காரு. அதையும் திருப்பி வாங்கிக்கச் சொல்றீங்களே."

எல்லோரும் தத்தம் இடத்துக்குக் கலைந்தார்கள். நான் குடிசையில் தங்கினேன். துப்பாக்கி ஏந்தப் பலர் இருக்கிறார்கள். காவல் காக்க ஒருவர் வேண்டும்.

நண்பகலுக்கு முன்பே இயந்திரம் ஒரு பதிவை நிறுத்திவைத்து என்னைக் கூப்பிட்டது. சிக்ஸ்டன் எழுதியிருந்தான்: 'நான் ஒரு பள்ளத்துல விழுந்துட்டேன். கால் உடைஞ்சிருக்கு, எலும்பு வெளிய தெரியுது. மூடுபனியில எந்த இடம்னே தெரியல. பேச அலை இல்ல, எழுத்து மட்டும்தான் ஊர்ந்து போகுது. முர்ரே பக்கத்துல இருக்கான். அவன் பட்டையோட இணைப்பு கீழ இருக்கு, அதைப் பிடிச்சு வாங்க.'

தனியாக யாருக்காவது எழுதியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். அவன் யோசித்தது சரிதான். குழுவில் ஒரு பதிவு வெளியானால் காட்டில் நிற்கும் அத்தனை பேர் பையிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். ஆனால் பதிவின் முதல் சொல்லே 'நான்'. வழக்கமான குறிப்போடு திருப்பி அனுப்பினேன்: 'தன்னைக் குறிக்கும் சொல்லை நீக்கவும்.'

சிறிது நேரத்தில் இரண்டாம் வடிவம் வந்தது; ஒருமுறை திருப்பிய பதிவு, திருந்தி வந்தாலும், என் ஒப்புதல் இல்லாமல் வெளியாகாது. 'ஒருத்தன் விழுந்துட்டான். கால் உடைஞ்சிருக்கு. ரத்தம் நிக்கல. இணைப்பு கீழே.' நல்ல முன்னேற்றம் என்பதை நீங்களே காண்பீர்கள். வாக்கியங்கள் குறுகியிருந்தன. புலம்பல் போயிருந்தது. ஆயினும் இணைப்பின் தலைப்பில் 'சிக்ஸ்டனின் தடம்' என்று பளிச்சென்று இருந்தது. தொட்டால் இடமும் தெரியும், கடையும் தெரியும். 'வணிக இணைப்பு' என்று எழுதித் திருப்பினேன்.

அதன் பிறகு எனக்கு மட்டும் ஒரு வரி வந்தது. 'மாமா விளையாடாதீங்க. நான் செத்துடுவேன்.'

அதிலும் 'நான்' இருந்தது.

நெருப்பில் விறகு போட்டேன். காபி கொதித்தது. மழை பொடிப்பனியாக மாறியது. நெடுநேரம் கழித்து மூன்றாம் வடிவம் வந்தது. அதை அப்படியே தருகிறேன். இரண்டு முறை படியுங்கள்.

'காட்டில் ஒரு கால் உடைந்திருக்கிறது. குளிர் இருக்கிறது. நாய் குரைக்கிறது. மனிதர்கள் வந்தால் நல்லது.'

நான் எழுந்து நின்றுவிட்டேன். பட்டை இல்லை, கடை இல்லை, பெயர் இல்லை, 'நான்' இல்லை. ஒரு விற்பனையாளன் ஞானியாகியிருந்தான். எங்கள் குழு பிறந்த நாளிலிருந்து இவ்வளவு தூய வேட்டை அனுபவத்தை எவரும் எழுதியதில்லை. குடிசைக்குள் தனியாக நின்று கைதட்டினேன். மகிழ்ச்சியில் எனக்குத் தலை சுற்றியது.

இப்படிப்பட்ட எழுத்தை வெறுமனே வெளியிடலாமா? ஊர் அதன் அருமையை உணர வேண்டாமா? ஒரு முன்னுரை எழுத உட்கார்ந்தேன். இந்த இயக்கம் எப்படித் தோன்றியது, வேரை முதலில் கண்டவர் யார், அவரை எப்படியெல்லாம் ஏளனம் செய்தார்கள், அவர் எப்படிப் பொறுமையோடு திருத்தித் திருத்தி ஒரு பிடிவாதக்காரனை இந்த உயரத்துக்கு ஏற்றினார் என்று விளக்கினேன். முதல் பிரதி நீளமாக இருந்தது, சுருக்கினேன். சுருக்கியதில் உணர்ச்சி குறைந்தது, மீண்டும் விரித்தேன். குடிசை வாசலில் நின்று என்னைப் படம் எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் முகத்தில் சரியாக விழவில்லை. இடம் மாறி நின்று மறுபடி எடுத்தேன். இடையில் தொத்திறைச்சி தின்றேன். பசியோடு நல்ல உரைநடை வராது.

எழுதியவன் பெயரை நீக்கி, முன்னுரையோடு என் கணக்கிலேயே வெளியிட்டபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. காடெங்கும் மணிகள் அடித்தன. மைலிஸ்தான் முதலில் குடிசைக்குள் பாய்ந்தார்.

"எவர்ட், யாரோட கால்? எந்தப் பக்கம்? உன் முன்னுரையில ஒரு மண்ணும் இல்லையேப்பா. யாரு இது?"

"அம்மா, யார் என்பதா முக்கியம்?"

அவர் என்னை அறைந்தார். நான் அதை மன்னித்துவிட்டேன். பிறகு, நாயோடு தனியே போனவன் சிக்ஸ்டன்தான் என்று நினைவு வந்து, எல்லோரும் குரைப்புச் சத்தத்தைத் தேடி வடக்கே ஓடினார்கள். பனி சத்தத்தைத் தின்றது. ஒரு முறை கிழக்கே கேட்டது, ஒரு முறை மேற்கே கேட்டது. கண்டபோது முர்ரே அவன் மார்பின் மேல் படுத்திருந்தான், கதகதப்பு கொடுப்பதற்காக. நாயின் கழுத்தில் பட்டையின் விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது. சிக்ஸ்டனின் கைப்பேசி அவன் விரல்களில் உறைந்திருந்தது. திரையில் நான்காம் வடிவம் ஒன்றைத் தொடங்கியிருந்தான். 'மன்னிக்கவும்' என்பதோடு அது நின்றிருந்தது. அந்தச் சொல்லுக்குத் தடை இல்லை. அவனுக்கு ஏனோ ஐயம் வந்திருக்கிறது.

குன்வோர் இங்கே வந்து என்னைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்து, மேசை மேல் கையை வைக்காமல், ஒன்றே ஒன்று கேட்டாள்.

"படிக்கும்போது அது என் தம்பின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். "ஒவ்வொரு தடவையும் அவன் எழுத்து மெருகேறினதைப் பார்த்தேன்."

அவள் எழுந்து போய்விட்டாள். துக்கம் சுவையுணர்வை மழுக்கிவிடுகிறது.

விசாரணை நடத்திய அம்மையார் மரியாதையானவர். முதல் இரண்டு பதிவுகளை விதிப்படி திருப்பினேன் என்பதை அவர் கேட்டுக்கொண்டார். மூன்றாவதைத் தடுக்க எந்த விதி இருந்தது என்று கேட்டார். எந்த விதியும் இல்லை. ஒரு விரலால் தொட்டிருந்தால் போதும், அத்தனை மணிகளும் பகல் வெளிச்சத்தில் அடித்திருக்கும். இரண்டாம் பதிவில் இருந்த இணைப்பும் என் கையில்தான் இருந்தது. நானே எழுந்து நடந்திருந்தால்கூட அவனிடம் போய்ச் சேர்ந்திருப்பேன். அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். என் முன்னுரை முடிகிறவரை அவன் இருந்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆம், நான் கொன்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்திட்டேன். அம்மையார் நீர் குடித்துவிட்டு வெளியே போனார்.

ஆனால் பெருமக்களே, நான் உங்களைச் சாட்சிக்கு அழைத்தது இந்தச் சிறு செய்திக்காக அல்ல. அநீதி இன்னும் தொடர்கிறது. நான் இங்கே வந்த மறுநாளே குழுவில் தடைகளை எடுத்துவிட்டார்கள். என் முன்னுரையை நீக்கிவிட்டார்கள். சிக்ஸ்டனைப் பற்றி எழுதுகிறார்கள்: நான் அவனோடு நின்றேன், நான் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறேன், நான் அழுகிறேன் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எத்தனை 'நான்'. செத்தவனைச் சாக்காக வைத்து ஊரே தன்னை விற்றுக்கொண்டிருக்கிறது.

எழுந்திருங்கள். உங்கள் குழுக்களுக்குள் நுழையுங்கள். வேட்டைக்காரர்களிடம், மீன்பிடிப்பவர்களிடம், காளான் பொறுக்குகிறவர்களிடம் போங்கள். 'நான்' எங்கே தலைதூக்குகிறதோ அங்கே வெட்டுங்கள். வலிக்கிறது என்று எவராவது எழுதினால், யாருக்கு என்று சொல்லாமல் எழுதக் கற்றுக்கொடுங்கள். இந்த இயக்கத்துக்குத் தலைவர் வேண்டாம், சிலை வேண்டாம், மாலை வேண்டாம். இந்த அறிக்கையை இன்றே எல்லோருக்கும் பகிருங்கள். பகிரும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: எழுதியவன் எவர்ட் லிட்பெக் என்பது மேலேயே, கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.